மார்கழி தாண்டட்டும்

வெள்ளத்தாய் என்று சொன்னால் ராஜபாளையத்தில் அவள் தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாது. பேண்டேஜ் துணி சுருட்டுகிற கம்பெனிக்குக் காலையில் தூக்குச்சட்டியோடு போவாள். சாயங்காலம் தலைமயிரில் நூல்பிசிறு ஒட்டியிருக்கத் திரும்பி வருவாள். வம்புக்கும் போகமாட்டாள், வந்த வம்பை விடவும் மாட்டாள். அவ்வளவுதான் அவள் கதை என்று இருந்தது. சின்னக்கருப்பன் செத்த பிறகுதான் அவளுக்கு ஒரு பேர் வந்து ஒட்டிக்கொண்டது. புருஷன் உயிரை மார்கழி தாண்டிப் பிடித்து வைத்தவள் என்கிற பேர். பெரிய பேர்தான். அதைச் சுமந்தவளைக் கேட்டால் அல்லவா தெரியும் கனம்!

அந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். தை ஒன்றாம் தேதி சூரியன் வடக்கே திரும்புகிறது. அதுவரைக்கும் மேலே கதவு சாத்தியிருக்கும். ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் தேவர்களுக்கு ராத்திரி, மார்கழி அவர்களுடைய விடிகாலை. அவர்கள் எழுந்து முகம் கழுவிக் கதவைத் திறக்கத் தை பிறக்க வேண்டும். அதனால்தான் மார்கழியில் கல்யாணம் காட்சி கிடையாது, புதுவீடு பால்காய்ச்சுவது கிடையாது. வாசல் நிறையக் கோலம் போடலாம், சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகி வைக்கலாம், கோயிலில் சுடச்சுடப் பொங்கல் வாங்கித் தின்னலாம். சாக மட்டும் கூடாது. செத்தால், கடைசி பஸ்ஸை விட்டவன் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி, சாத்தின கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

சின்னக்கருப்பனின் அப்பா அப்படி ஒரு மார்கழியில் போனவர். அந்தக் குடும்பம் அதை மறக்கவே இல்லை. மாடு செத்தாலும், கிணறு வற்றினாலும், சின்னக்கருப்பனின் அக்கா சீனியம்மாளுக்கு முதல் பிள்ளை தங்காமல் போனாலும் ஒரே பேச்சுதான். “அப்பா வாசல்லயே நிக்காரு. அவர உள்ள விடல.” சின்னக்கருப்பன் அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தார், கேட்டே மில்லுக்குப் போனார், கேட்டே கிழவராகவும் ஆகப் போகிறார் என்றுதான் வெள்ளத்தாய் நினைத்திருந்தாள். நெஞ்சு அதற்கு விடவில்லை. நூல் மில்லில் பஞ்சை அடித்துப் பிரிக்கிற மிஷினுக்கு முன்னால் முப்பது வருஷம் நின்ற மனுஷன். மூச்சுப்பை முழுக்கப் பஞ்சுத் தூசி. மதுரையில் பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டிப் பேசிவிட்டு அனுப்பிய அன்றைக்கு, திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் எப்ப வேணாப் போறேன் புள்ள. மார்கழியில மட்டும் என்ன விட்ராத. எங்கப்பா பக்கத்துல போயி நிக்க மாட்டேன்.”

“பேசாம வாங்க” என்றாள்.

“சத்தியம் பண்ணு.”

பண்ணினாள். சாகப்போகிறவன் கேட்டு இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? கிருஷ்ணன்கோவில் நிறுத்தத்தில் காலேஜ் பிள்ளைகள் கும்பலாக ஏறிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அவர் உள்ளங்கையில் தன் கையை வைத்து, மார்கழியில் விடமாட்டேன் என்று சொன்னாள்.

அடுத்த கார்த்திகை முடிகிற சமயத்தில் ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மகன் வல்லரசு ராணுவத்தில் இருந்தான், பஞ்சாப் பக்கம் எங்கேயோ. லீவில் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் போனான். பிறகு வீட்டில் இருந்தது இரண்டே பேர். நடுவில் மார்கழி.

வெள்ளத்தாய் கம்பெனிக்கு லீவு சொன்னாள். வாடகைக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்தது. மலைக்காற்று உள்ளே வராமல் ஜன்னலில் கோணிச்சாக்கைக் கட்டினாள். ஒரு நர்ஸம்மா வந்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட்டுப் போனாள். அதில் கஞ்சித் தண்ணியும் பழச்சாறும் விட வேண்டும். அவர் அந்தக் குழாயை உருவி எறிந்தார். மறுபடி போட்டார்கள். மறுபடி உருவினார். மூன்றாம் தடவை வெள்ளத்தாய் அவர் இரண்டு கையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். கயிற்றில் கட்டினால் தோல் உரியும் என்று, கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியை எடுத்துக் கட்டினாள். காயத்துக்குக் கட்டுகிற துணி. அழுதுகொண்டேதான் கட்டினாள், ஆனால் முடிச்சை நன்றாகத்தான் போட்டாள்.

சீனியம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போவாள். தம்பி முகத்தைப் பார்த்து மூக்கைச் சிந்துவாள், கட்டின கையைப் பார்த்துத் தலையசைப்பாள்.

“விட்ராத தாயி. மார்கழி தாண்டட்டும். எங்கப்பனுக்குத்தான் ஒருத்தரும் இல்லாமப் போயிட்டாக.”

கிறிஸ்துமஸ் அன்றைக்குக் காலையில், எதிர்வீட்டு ஜாஸ்மின் கேக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன பிறகு, சின்னக்கருப்பன் கண்ணைத் திறந்தார். நல்ல நினைவோடுதான் இருந்தார். அதில் சந்தேகமே இல்லை, பின்னால் அவள் எத்தனையோ முறை சந்தேகப்பட முயன்று பார்த்தாள், முடியவில்லை.

“போதும் புள்ள. பால ஊத்து.”

பால் ஊற்றுவது என்றால், சாகக் கிடக்கிறவரின் உதட்டில் உரியவர்கள் இரண்டு சொட்டுப் பாலை வைத்து, போய்ட்டு வாங்க என்று சொல்வது. அந்தப் பாலில் யாரும் சாவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு குழாய் கிடையாது, ஊசி கிடையாது, பிடித்து இழுப்பது கிடையாது. உரியவள் கை அதை வைக்காதவரை உயிருக்கு விடை கிடைக்காது என்று சாகிறவர் நினைத்துக்கொண்டே கிடக்க வேண்டும்.

“இன்னும் மார்கழி முடியலங்க” என்றாள் வெள்ளத்தாய்.

“பரவால்ல.”

“நீங்கதான சத்தியம் வாங்குனீக.”

“அப்ப எனக்கு வலிக்கல புள்ள” என்றார்.

அவள் எழுந்து போய் அடுப்படியில் நின்றாள். பால் இருந்தது, டம்ளர் இருந்தது, கை மட்டும் எழும்பவில்லை. நல்லா இருந்தபோது சொன்னதைக் கேட்பதா, வலியில் சொல்வதைக் கேட்பதா? நல்லா இருந்தபோது சொன்னதுதான் அவர் வார்த்தை, இது நோய் பேசுகிற பேச்சு என்று முடிவு கட்டினாள். அந்த முடிவில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது. அவர் போய்விட்டால் அந்த வீட்டில் அவள் யாரோடு இருப்பாள்?

வைகுண்ட ஏகாதசி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்குத் தெருவில் பாதிப் பேர் கிளம்பிப் போனார்கள். சந்தையில் பேரம் பேசுகிறவர் மாதிரி சின்னக்கருப்பன் கெஞ்சினார்.

“இன்னிக்குச் சொர்க்கவாசல் தொறந்துருப்பாகள்ல. இன்னிக்காவது விடு.”

“அது பெருமாளக் கும்புடுறவியளுக்கு. நமக்குச் சாமி கருப்பன்தான்” என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே தூ என்று இருந்தது. நாலு நாளில் தை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம்தானே என்று குழாயில் பழச்சாற்றை விட்டாள். அவர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தை ஒன்றாம் தேதி தெருவெல்லாம் பொங்கலோ பொங்கல் என்று சத்தம் கேட்டபோது அவள் கட்டை அவிழ்த்தாள். குளிப்பாட்டி வேட்டி மாற்றி, உதட்டில் பாலை வைத்தாள். பால் உதட்டோரமாக வழிந்தது. கண்ணைத் திறந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது, அன்பு என்றும் சொல்ல முடியாது, அந்நிய மனுஷியைப் பார்க்கிற பார்வை. மறுநாள் மத்தியானம் மூச்சு நின்றது.

பிறகு என்ன, பாராட்டுத்தான். எழவு வீட்டில் அப்படி ஒரு பெருமையை அந்தத் தெரு பார்த்ததில்லை. உத்தராயணத்தில் போன புண்ணியவான், நல்ல பொண்டாட்டியாகத் தெய்வம் கொடுத்திருக்கு, என்றெல்லாம் வந்தவர்கள் பேசினார்கள். சீனியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு ஊர் கேட்க ஒப்பாரி வைத்தாள். எங்கள் வம்சத்துக் கறையைக் கழுவினவளே என்று பாடினாள். வெள்ளத்தாய் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற ஒன்றுதான் அவளை அந்த வருஷம் முழுக்கச் சாப்பிட வைத்தது, தூங்க வைத்தது. கட்டிப்போட்ட கை நினைவுக்கு வரும்போதெல்லாம், அந்தப் பார்வை நினைவுக்கு வரும்போதெல்லாம், அவரை வெளியே நிற்க விடாமல் உள்ளே அனுப்பினோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அதற்கு மேலே அவளிடம் வேறு சமாதானம் இல்லை.

வருஷம் திரும்புவதற்குள் சீனியம்மாள் விழுந்துவிட்டாள். வயிற்றில் கட்டி. மார்கழி பிறந்த வாரத்தில் சீனியம்மாளின் மகள் பரிபூரணம் போன் பண்ணினாள்.

“அத்தை, அம்மாவுக்கு முடியல. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. மாமாவ நீங்க பாத்துக்கிட்டீகல்ல, அதே மாதிரி வந்து இருங்க. எனக்குத் தனியாப் பயமா இருக்கு.”

“வாரேன் தாயி” என்றாள். போகாமல் எப்படி இருப்பது?

பரிபூரணத்தின் புருஷன் பாண்டிதுரைக்குப் பால்கோவாக் கடையில் அடுப்பு வேலை. விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவான், வரும்போது சட்டையெல்லாம் சுண்டின பால் வாடை. வீடு கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் கோபுரத்து மைக்செட்டில் பாட்டு ஆரம்பித்தால் பேசுவது காதில் விழாது. வெளியூர்ப் பஸ்கள் வந்து தெருவை அடைக்கும். அந்தச் சந்தடிக்குள் ஓர் அறையில் சீனியம்மாள் சுருண்டு கிடந்தாள், பழைய பருமனில் பாதிகூட இல்லை. வெள்ளத்தாய் போன அன்றைக்கே அவளைப் பார்த்து, “வந்துட்டியா, இனிமே எனக்குக் கவலையில்ல, தைக்குக் கொண்டுபோயிச் சேத்துருவ” என்று சிரிக்கப் பார்த்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வல்லரசு போன் பண்ணினான். குளிர் அங்கே எலும்பைக் குடைகிறது என்றான். பிறகு பேச்சுவாக்கில் சொன்னான்.

“நேத்துத்தாம்மா வருசத்துலயே சின்னப் பகல். அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துருச்சு. எங்க ஆபீசர் கட்டையப் போட்டுத் தீ மூட்டச் சொன்னாரு. இன்னியிலருந்து சூரியன் வடக்க திரும்பிருதாம், இனிப் பகல் நீளும்னாரு.”

“வடக்க திரும்புறது தையிலதானலே?” என்றாள் வெள்ளத்தாய்.

“அது அந்தக் காலத்துக் கணக்காம்மா. முந்தி அப்படித்தான் இருந்துச்சாம், இப்ப நாள் தள்ளிப் போச்சாம். வானத்துல நெசமாத் திரும்புறது இப்பத்தான்.”

“எல்லா வருசமுமா?”

“எல்லா வருசமும்தான். கிறிஸ்துமஸுக்கு மூணு நாலு நாள் முந்தி.”

“போன வருசமும்?”

“போன வருசமும்தான். ஏம்மா, என்ன?”

“ஒண்ணுமில்லய்யா. சாப்புட்டியா?” என்று கேட்டாள். அவன் சாப்பிட்டதைச் சொன்னான், ரொட்டி, பருப்பு என்று என்னவோ. அவள் காதில் ஏறவில்லை.

போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் துவைகல்லில் உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான் அவர் பாலைக் கேட்டார். ஜாஸ்மின் கொண்டுவந்த கேக் அப்போது மேசையில் இருந்தது. சூரியன் திரும்பிய பிறகுதான் கேட்டிருக்கிறார். கதவு என்று ஒன்று இருந்தால் அது அப்போதே திறந்தாயிற்று. ஏகாதசிக்குக் கேட்டபோதும் திறந்துதான் கிடந்திருக்கிறது. அதற்கு அப்புறம் கட்டிவைத்துக் கஞ்சி ஊற்றிய அத்தனை நாளும் யாருக்காக? எதற்காக? பாவி, படுபாவி என்று தன்னையே வைதாள். அழுகை வரவில்லை. ஒரு வருஷம் அவளைத் தாங்கிப் பிடித்திருந்த ஒரே வார்த்தையை, பெற்ற பிள்ளை, ஒன்றும் தெரியாமல், உருவிக்கொண்டு போய்விட்டான்.

அதற்கு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, பரிபூரணம் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்த சமயத்தில், சீனியம்மாள் வெள்ளத்தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏட்டி. பால எடுத்தா.”

“இது மார்கழி மதினி.”

“தெரியும்ட்டி. தையாவது கத்தரிக்காயாவது. இந்த வலி ஒனக்கு வந்தாத்தான் தெரியும்.” செத்த நேரம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னாள். “எந் தம்பியும் இப்படித்தான கேட்டுருப்பான். நான் ஒரு முண்ட, வந்து வந்து ஒன்ன ஏத்திவிட்டுட்டுப் போனேன்.”

வெள்ளத்தாய் எழுந்தாள். அந்த வீட்டில் பாலுக்கா பஞ்சம்! டம்ளரில் கொஞ்சம் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். விரலைப் பாலில் நனைத்தாள். சீனியம்மாள் குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பரிபூரணம் வாசல்படியில் வந்து நின்றாள்.

“என்ன அத்தை பண்றீக?”

“அம்மா கேக்குறா தாயி.”

“கேட்டா? அது வலியில பேசுது. மாமாவுக்கு ஒரு ஞாயம், எங்கம்மாவுக்கு ஒரு ஞாயமா?” பரிபூரணம் வந்து டம்ளரைப் பிடுங்கவில்லை. அப்படிப் பிடுங்கியிருந்தால் வெள்ளத்தாய்க்குக் கோபமாவது வந்திருக்கும். அவள் அழுதுகொண்டு கையைக் கூப்பினாள். “நாளைக்கு நாலு பேரு கேப்பாக அத்தை. புருசனத் தைக்குக் கொண்டு சேத்தவ நீங்க. எங்கம்மா மட்டும் தாத்தாகூடப் போயி வெளிய நிக்கணுமா?”

ஒரு வார்த்தை போதும். சூரியன் திரும்பியாயிற்று தாயி, வல்லரசு சொன்னான், அவனிடமே கேள் என்று சொன்னால் போதும். அதைச் சொன்னால் அடுத்து இந்தப் பிள்ளை என்ன கேட்கும்? அப்படின்னா மாமா? என்று கேட்கும். ஊர் கேட்கும். வல்லரசு கேட்பான். காரணமே இல்லாமல் புருஷனைக் கட்டிப்போட்டு வதைத்தவள் என்று அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அதைத் தாங்க அவளுக்குத் தைரியம் இல்லை. சீனியம்மாள் வாயைத் திறந்தபடியே இருந்தாள். வெள்ளத்தாய் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, ஈர விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

கோழை என்று சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள்ளலாம். அவளே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஊருக்குத் திரும்பிப் போயிருந்தால்கூட ஒரு கணக்குத்தான், போகவில்லை. அங்கேயே இருந்து, புண்ணுக்கு மருந்து போட்டாள், புரட்டிப் படுக்க வைத்தாள், பரிபூரணம் கஞ்சி ஊற்றும்போது தலையைத் தாங்கிப் பிடித்தாள். சீனியம்மாள் அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. கத்த மட்டும் செய்தாள். கத்தல் மைக்செட் பாட்டில் அமுங்கிப்போகும். பாட்டு நின்ற பிறகு தெரு முழுக்கக் கேட்கும். பாண்டிதுரை சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்து தின்பான்.

தை பிறந்தது. பரிபூரணம் குளித்து, வாசலில் பானை வைத்து, முதல் பால் பொங்கியதும் ஓடிவந்து அம்மா வாயில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் சீனியம்மாள் போய்விட்டாள்.

எழவு கேட்க வந்த பெண்கள் பரிபூரணத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பெத்தா உன்னை மாதிரிப் பிள்ளையைப் பெறணும் என்றார்கள். தம்பியும் தையில் போனான், அக்காளும் தையில் போனாள், கொடுத்துவைத்த குடும்பம் என்றார்கள். வெள்ளத்தாயையும் விடவில்லை, எல்லாம் இவள் கைராசி என்று தோளைத் தட்டினார்கள்.

மறுநாள் பொணத்தை எடுத்துக்கொண்டு ஆண்கள் போன பிறகு, பெண்கள் கொல்லைப்பக்கம் குளித்தார்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள் பரிபூரணம்.

“அத்தை. அம்மா அன்னிக்கு ஒங்ககிட்ட கேட்டுச்சு. நீங்க குடுக்கத்தான் வந்தீக, நாந்தான் விடல. பொறவு எம்புட்டுக் கத்துச்சு.” நிமிர்ந்து பார்த்தாள். “நான் செஞ்சது சரிதான அத்தை?”

வெள்ளத்தாய் அந்த முகத்தைப் பார்த்தாள். முப்பது வயசு. இன்னும் எத்தனை வருஷம் இந்தப் பிள்ளை சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும்.

“சரிதான் தாயி” என்றாள். “தை பொறந்துதான போனா. நீ செஞ்சது சரிதான்.”

பரிபூரணம் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழுகைக்கு நடுவில், “நீங்க மாமாவ அப்படி வச்சுப் பாத்ததாலதான் அத்தை எனக்கும் அந்தத் தைரியம் வந்துச்சு” என்றாள்.

வெள்ளத்தாய் வாளியிலிருந்து தண்ணீரை மோந்து அவள் தலையில் ஊற்றினாள்.